தொட்டிச் சுவரைக் குறைத்தால் முதியோர் குளியல் எளிதாகும்

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு வந்து தங்கும் வயதான பெற்றோருக்கு இவ்வூர்க் குளிர் நாளடைவில் பழகிவிடுகிறது. கடைக்குப் போய்வரும் அளவுக்குக் கன்னடமும் வந்துவிடுகிறது. ஆனால் சில வீடுகளில் கடைசிவரை பழகாத பொருள் ஒன்று உண்டு. வீட்டைக் கட்டியவர் ஆசைப்பட்டு வைத்துவிட்டுப் போன பைபர் கிளாஸ் குளியல் தொட்டிதான் அது.

வேலூர், தர்மபுரி, சேலம் பக்கத்து வீடுகளில் கிணற்றடியிலும் சிமெண்டுத் தரையிலும் வாளியும் செம்புமாகக் குளித்தவர்கள் இவர்கள். தொட்டியின் சுவரோ பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல உயரம் இருக்கும். ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அந்தப் பக்கம் வழவழப்பான பரப்பில் ஊன்ற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது எத்தகைய சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி, சனிகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களானால் ஆபத்து இரட்டிப்பாகிறது. எண்ணெய்ப் பாதத்தின்கீழ் பைபர் கிளாஸ் கண்ணாடியாக வழுக்கும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். உயிர் பிழைத்தாலும், இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி வீட்டார் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? மகனோ மருமகளோ கூட நின்று கைபிடித்து இறக்குகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் தானே குளித்த மனிதருக்கு அது கூச்சம். "இன்று வேண்டாம், நாளை குளிக்கிறேன்" என்று தள்ளிப் போடத் தொடங்குகிறார். பிறகு ஊருக்கே போய்விடுகிறேன் என்கிறார். உண்மைக் காரணத்தை வாய் திறந்து சொல்வதில்லை.

இடிக்க வேண்டியதில்லை

தொட்டியைப் பெயர்த்தெடுத்து, டைல்ஸை உடைத்து, நீர் கசியாத பூச்சுப் பூசித் தரை போடுவது பெரிய செலவு. பல நாள் வேலை. கீழ்வீட்டுக்காரரின் முகச்சுளிப்பு வேறு. ஆனால் பைபர் கிளாஸ் தொட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதை வெட்டலாம், ஒட்டலாம். கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து உருவாக்கிய ஓடு அது. வெட்டிய இடத்தில் அதே இழையையும் அதே ரெசினையும் கொண்டு மூடிவிட முடியும். தண்ணீர்த் தொட்டி, வண்டிப் பம்பர், விளம்பரப் பொம்மை ஆகியவற்றை பைபர் கிளாஸில் செய்யும் தொழிலாளிக்கு இது தெரிந்த வேலைதான்.

முதலில் உங்கள் தொட்டி எந்த வகை என்று பாருங்கள். காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளுமானால் அது எனாமல் பூசிய இரும்புத் தொட்டி. இந்த முறை அதற்கு ஆகாது. ஒட்டாவிட்டால் பைபர் கிளாஸாகவோ அக்ரிலிக்காகவோ இருக்கலாம். அக்ரிலிக் தொட்டியின் மேற்பரப்பில் பாலியெஸ்டர் ரெசின் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. ஆகவே எந்த வகை என்பதை வேலை தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே வெட்டச் சொல்ல வேண்டும்.

எங்கே, எவ்வளவு?

முதியவர் வழக்கமாகக் கால் வைத்து ஏறும் இடத்தில், வெளிப்பக்கச் சுவரில் சுமார் 2 அடி அகலத்துக்கு வெட்டுவது வழக்கம். குழாயும் கழிவுநீர்த் துளையும் உள்ள மூலையைத் தவிர்ப்பது நல்லது. கைப்பிடி பொருத்தக் கெட்டியான சுவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெட்டை அடிவரை கொண்டுபோகக் கூடாது. தொட்டியின் உள்தரைக்கு மேல் 3 அங்குலமாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குளிக்கும் தண்ணீர் வெளியே வழிந்து, அறைத் தரையே புதிய ஆபத்தாகிவிடும்.

வெட்டின் மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தொட்டிக்கு விறைப்பைத் தருவது அதன் மேல் விளிம்பு. அதை வெட்டியதும் அந்தப் பகுதி தளர்ந்து ஆடும். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். அந்த இடைவெளியில் நீர் தாங்கும் பிளைவுட் கட்டைகளைப் பொருத்தி ஒட்டி, அதன்மேல் கண்ணாடி இழை மேட்டை இரண்டு மூன்று அடுக்காக ரெசினில் நனைத்துப் படிய வைக்க வேண்டும். பழைய பரப்பை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்த பின்பே ஒட்ட வேண்டும். சோப்பும் எண்ணெயும் ஊறிய பரப்பில் எந்த ஒட்டும் நிற்காது. கடைசியில் தொட்டியின் நிறத்தில் ஜெல் கோட் பூசினால் ஒட்டிய தடம் அவ்வளவாகத் தெரியாது. கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காற்றுப்படும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும்.

எச்சரிக்கை

வீட்டில் தானே செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். ரெசினுடன் கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஒன்றும், கேடலிஸ்ட் ஒன்றும் தனித்தனிப் புட்டிகளில் தருவார்கள். இவ்விரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பின்னரே கேடலிஸ்டைச் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்குக் கேடலிஸ்ட் பொதுவாக 10 முதல் 20 கிராம் போதும். மொத்தமாகக் கலந்து வைத்தால் கலவை தானே சூடேறிக் கெட்டிப்பட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். கேடலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே கண்ணாடியும் கையுறையும் அவசியம். வெட்டும்போது பறக்கும் இழைத் தூள் தோலை அரிக்கும், மூச்சில் ஏறும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். ரெசின் நெடி போகும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும். முதியவரையும் குழந்தைகளையும் அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே மேல்.

வேலை முடிந்து ஒரு நாளாவது உலர விட வேண்டும். மழை, குளிர் நாள்களில் இன்னும் கூடுதலாக. பிறகு வெட்டு விளிம்புவரை தண்ணீர் நிரப்பிச் சில மணி நேரம் வைத்து, கசிகிறதா என்று பாருங்கள். வீட்டில் எடை மிகுந்தவர் முதலில் அந்தப் படியில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். பெரியவரின் முறை அதற்குப் பின்புதான்.

வெட்டிய தொட்டியில் கழுத்தளவு நீர் நிரப்பிப் படுத்துக் குளிக்க முடியாது. ஆனால் மொண்டு ஊற்றிக் குளிக்கும் நம்மவர்களுக்கு அது ஓர் இழப்பே அல்ல.

வெட்டினால் மட்டும் போதாது

சுவரில் கைப்பிடி ஒன்று அவசியம். தரையிலிருந்து சுமார் 33 முதல் 36 அங்குல உயரத்தில், கை நுழையச் சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆளின் எடை விழுந்தால் ஆணியோடு பெயர்ந்து வரும். உறிஞ்சு கிண்ணத்தால் டைல்ஸில் ஒட்டும் கைப்பிடிகளையும் நம்பக் கூடாது. உள்ளே உட்கார அகலமான, ரப்பர்க் கால் வைத்த நாற்காலி போடுங்கள். எண்ணெய்க் குளியல் நாள்களில் தலைக்கு எண்ணெய் வைப்பதைத் தொட்டிக்கு வெளியே முடித்து, பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறட்டும். குளித்து முடித்ததும் தொட்டியைச் சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். ஆசிட்டும் கம்பி நாரும் வேண்டாம். ஜெல் கோட் கெட்டுப்போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் வெட்டக் கூடாது. அவர் மறுத்தால் வேறு வழி உண்டு. இரண்டு கால் தொட்டிக்கு உள்ளேயும் இரண்டு கால் வெளியேயும் நிற்கும் நீளமான குளியல் பெஞ்சு மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். வெளியே உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து, நகர்ந்து செல்லலாம். தாண்டுவதற்காக வெறும் முக்காலி போடுவது மட்டும் வேண்டாம். அது புரண்டால் இருந்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அனைவரும் எளிதில் புழங்கத்தக்க கட்டடங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2021-இல் வெளியாயின. இவை பொதுக் கட்டடங்களைக் கவனிக்கின்றன. நம் வீட்டுக் குளியலறையைப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. வீட்டார்தான் பார்க்க வேண்டும். பெரியவரையே அருகில் அழைத்து, எங்கே கால் வைக்கிறார், எந்தக் கையால் பிடிக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு தொழிலாளியை வரவழையுங்கள். யார் துணையும் இன்றித் தாமே கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க முடிந்தால், ஊருக்குப் போகும் பேச்சைப் பெரியவர் தாமாகவே விட்டுவிடக்கூடும்.