புயலுக்குப் பின் கூரையைப் பேணுதல்

சாட்டி முதலிய தீவகக் கரைகளில் ஆலங்கட்டி மழை அரிது. கூரையைக் குலைப்பது காற்றே. 1964 டிசம்பர்ப் புயலும் 2020 டிசம்பரில் வந்த புரெவியும் யாழ்ப்பாணத்தார்க்கு இதனை உணர்த்தின.

காற்று முற்றாக ஓயுமுன் கூரையில் ஏறுதல் ஆகாது. முதலில் வீட்டின் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியை அணுகலாகாது. விதைநெல்லையும் விதை வெங்காயத்தையும் நனையாத இடத்துக்கு மாற்றுக. சேதத்தைப் படம்பிடித்து, திறந்த பகுதியைப் படங்கினால் மூடி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் நன்று.

புது ஓடு போடுமுன் கைமரங்களையும் சிலாகைகளையும் சோதித்தல் இன்றியமையாதது. இற்ற மரத்தின்மேல் இட்ட நல்லோடும் அடுத்த காற்றுக்கு நில்லாது. உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலின் பழைய ஆணிகளைக் களைந்து, நாகம் பூசிய ஆணிகளையே பயன்படுத்துக. ஓட்டின் விலையோடு மரத்துக்கும் ஆணிக்கும் பணம் ஒதுக்குவோர், அடுத்த மாரியில் மீண்டும் செலவு செய்ய நேராது.