பிராண்டட் சிஸ்டமா, அசெம்பிள்டு சிஸ்டமா?

மேசைக் கணினியை இரண்டு வகையாக வாங்கலாம். டெல், எச்.பி., லெனோவா, ஏசர் போன்ற நிறுவனங்கள் ஆலையிலேயே பொருத்தி, பெரும்பாலும் விண்டோஸையும் ஏற்றி, ஒரே வாரண்டியோடு விற்பது ஒரு வகை. கடைகளில் இதற்குப் பெயர் ‘பிராண்டட்’. பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட் என்று தனித்தனியாக வாங்கிக் கடைக்காரரோ வாங்குபவரோ பொருத்திக்கொள்வது ‘அசெம்பிள்டு’.

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள திருநாவலூர், சுந்தரர் பிறந்த தலம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் கூட. இந்த அளவுள்ள ஊர்களில் மேசைக் கணினி பெரும்பாலும் பிழைப்புக்கான கருவி. ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடை, கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டி.டி.பி. சென்டர், உரக்கடையின் பில் மேசை என்று அது உட்காரும் இடங்கள் பல. பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் இரண்டு நாள் படுத்துவிட்டால் அந்தக் கடையின் வருமானமும் படுத்துவிடும். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன்பு, ரிப்பேர் ஆனால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

கணினியை உதிரியாக வாங்கிப் பொருத்த முடிகிறது என்பதே ஒரு விபத்தின் விளைவு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நேரம் இல்லாததால் பிராசசரை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் மற்ற பாகங்களை வெளிச் சந்தையிலும் வாங்கியது. அதற்கே உரியது என்று சொல்லத்தக்கதாக மிஞ்சியது பயாஸ் என்னும் சிறு மென்பொருள்தான். காம்பாக் நிறுவனம் அதே வேலையைச் செய்யும் பயாஸைச் சட்டச் சிக்கல் இல்லாமல் தானே எழுதி, அடுத்த ஆண்டே போட்டிக் கணினியை அறிவித்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, போர்டில் எங்கே ஸ்க்ரூ வர வேண்டும், மின்சார ஒயரின் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது வரை வரையறுத்தது. ஒரு கம்பெனியின் போர்டு இன்னொரு கம்பெனியின் கேபினெட்டில் இன்று உட்காருவது அதனால்தான்.

தமிழ்நாட்டில் இரு வகைக்கும் வேர் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார் நண்பர்களோடு 1976இல் தொடங்கிய எச்.சி.எல்., திருநாவலூருக்கு அதிகத் தொலைவில்லாத புதுச்சேரியில் ஆலை வைத்துக் கணினிகள் செய்தது. 2013இல் அந்தத் தொழிலிலிருந்து விலகியது. டெல் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. உதிரிபாகச் சந்தை என்றால் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. உளுந்தூர்பேட்டையில் காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் அங்கே போய்விடலாம். சின்ன ஊர்க் கடைகளின் சரக்குக்கும் பெரும்பாலும் அந்தத் தெருவே ஊற்று.

இரண்டு பெட்டிகளையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பிராசசர் இரண்டிலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ராம் சிப்புகளைச் செய்பவை பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். ‘பிராண்டட் என்றால் உள்ளே இருக்கும் சரக்கே வேறு’ என்பது விற்பனைப் பேச்சு. வேறுபாடு மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இருக்கிறது.

பிராண்டட் ஒல்லிப் பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். கையடக்கமாக இருக்கும், லேபிளில் 180 அல்லது 260 வாட் என்று போட்டிருக்கும். அசெம்பிள்டு பெட்டியில் இருப்பதோ பெரியது. மலிவானதில்கூட 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டையும் பார்ப்பவருக்கு 450தான் பெரிதாகத் தெரியும். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி, மானிட்டர் நீங்கலாக, சாதாரண வேலையில் 100 வாட்டைத் தொடுவதே அபூர்வம். நிஜமான 180 வாட் அதற்குத் தாராளம். மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 450 பல நேரம் லேபிளோடு சரி. கையில் தூக்கினாலே தெரிந்துவிடும்: டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க், கெபாசிட்டர் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தது காற்றாக இருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் முதலில் போவது அதுதான். சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். அசெம்பிள் செய்பவர், மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்ற எஸ்.எம்.பி.எஸ். போட்டால் கூடுதலாக 2,000 ரூபாய் வாக்கில் ஆகும். அதை மிச்சம் பிடிப்பது வீண் கஞ்சத்தனம்.

பிராண்டட் பெட்டிக்கும் இதே இடத்தில் ஒரு குறை உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவும் ஏ.டி.எக்ஸ். முறையை விட்டு விலகித் தங்களுக்கென்று தனிக் கனெக்டரும் தனி அளவும் வைத்துக்கொள்கின்றன. வாரண்டி முடிந்தபின் எஸ்.எம்.பி.எஸ். போனால், எந்தக் கடையிலும் தொங்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதில் ஏறாது. அதே மாடலுக்கானதைத் தேடி வரவழைக்க வேண்டும். அசெம்பிள்டு பெட்டியிலோ நான்கு ஸ்க்ரூ, இரண்டு மூன்று கனெக்டர்; உள்ளூர் மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

விலையில் அசெம்பிள்டுதான் எப்போதும் மலிவு என்பது முழு உண்மையல்ல. லட்சக்கணக்கில் வாங்கும் நிறுவனத்துக்குப் பாகங்களும் விண்டோஸ் உரிமமும் அடிமாட்டு விலையில் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 ஹோம் உரிமத்தைத் தனியாகச் சில்லறையில் வாங்கினால் சுமார் 10,000 ரூபாய். அடிப்படை வேலைக்கான கணினியில் இந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். மலிவாகத் தோன்றும் பல அசெம்பிள்டு கணினிகளின் மலிவு, பில்லில் வராத திருட்டு விண்டோஸால் வந்தது. அப்படிப் போட்ட விண்டோஸோடு வைரஸும் வந்து சேர வாய்ப்புண்டு. வாடிக்கையாளரின் ஆதாரும் வங்கி விவரமும் தட்டச்சாகும் கடைக்கு அது ஆகாது. உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. கைரேகைக் கருவியும் பிரிண்டரும் லினக்ஸில் ஓடுமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்று போனால் கதை மாறும். அங்கே பாகங்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும் அசெம்பிள்டுதான் கொடுத்த காசுக்கு அதிகம் தரும். 2025இன் கடைசியில் ஏ.ஐ. மையங்களின் தேவையால் ராம் விலை உலகெங்கும் எகிறியது. சில்லறையில் விற்ற க்ரூஷியல் ராம் வரிசையையே மூடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. சில்லறையில் வாங்குபவர் மீதே இத்தகைய ஏற்றம் முதலில் விழுகிறது.

‘ஐ5 சிஸ்டம், மானிட்டரோடு இவ்வளவுதான்’ என்ற பலகை இன்னொரு பொறி. ஐ5 என்பது ஒரு வரிசையின் பெயர். எந்தத் தலைமுறை என்பதை அது சொல்லாது. 2012இல் வந்த ஐ5-3470உம் ஐ5தான். பழைய பிராசசர்களுக்கென்றே எச்61 சிப்செட் வைத்த புது மதர்போர்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. புதுப் போர்டு, புதுக் கேபினெட், உள்ளே யாரோ கழற்றிப்போட்ட பிராசசர். 2022இல் வந்த ஐ3-12100, பெயரில் சின்னதானாலும், வேகத்தில் அதை வெகுதூரம் முந்திவிடும். பழைய பிராசசருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கணினியைச் செகண்ட்ஸில் வாங்குபவருக்கும் இதே எல்லைக்கோடுதான். எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ நல்ல நிலையில் கிடைத்தால், புது மலிவு அசெம்பிள்டை விட அது உருப்படியான சரக்கு.

வாரண்டியில் பிராண்டட் பக்கம் ஒரே எண், ஒரே பொறுப்பு. ‘ஆன்சைட்’ இருந்தால் ஆள் வீட்டுக்கே வருவார். அடுத்த வேலைநாளே வருவார் என்ற வாக்குறுதி பின்கோடைப் பொறுத்தது. பணம் கட்டுமுன் திருநாவலூருக்கு அது உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அசெம்பிள்டில் மொத்தப் பெட்டிக்கு வாரண்டி இல்லை, பாகத்துக்குப் பாகம் உண்டு: டப்பாவில் வரும் பிராசசருக்கு 3 ஆண்டு, மதர்போர்டுக்குப் பெரும்பாலும் 3, எஸ்.எஸ்.டி.க்கு 3 அல்லது 5. வீட்டு உபயோகப் பிராண்டட் கணினிகள் பலவற்றுக்கும் உள்ள ஓராண்டை விட இது அதிகம். ஆனால் கெட்ட பாகத்தைக் கண்டுபிடித்து, கழற்றி, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, திரும்பி வரும்வரை கடை சும்மா நிற்கும்.

எந்தப் பெட்டியானாலும் எர்த் இல்லாத பிளக்கில் போட்டால் கேபினெட்டைத் தொடும்போது சுள்ளென்று இழுக்கும். அது கணினியின் கோளாறு அல்ல, ஒயரிங்கின் கோளாறு. யு.பி.எஸ். வாங்குமுன் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

பத்து இருபது கணினி வாங்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மூன்றாண்டு ஆன்சைட் வாரண்டியோடு பிராண்டட்தான் சரி. ஒரே கணினியை நம்பிப் பிழைக்கும் கடைக்கு, பக்கத்திலேயே நம்பகமான மெக்கானிக் இருந்தால், தரமான எஸ்.எம்.பி.எஸ். போட்ட அசெம்பிள்டு போதும். அப்படி வாங்குபவர், ‘சிஸ்டம் 1’ என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை ஏற்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் ஜி.எஸ்.டி. பில்லில் இருக்க வேண்டும்.