நெஞ்சில் ஒண்ணும் எழுதாத சட்டை

போன வாரம் ஜெர்சி சிட்டியில ஒரு பழைய துணிக்கடையில் பார்சிலோனா சட்டை ஒன்று கிடைத்தது மக்களே. 12 டாலர். நம்ம பட்ஜெட்டில் அது மூணு நாள் சாப்பாடு. ரூமுக்கு வந்தால் ரூம்மேட் சிரிக்கிறான். "டேய், நெஞ்சுல ஸ்பாட்டிஃபை பேரே காணோம். டூப்ளிகேட்டை உன் தலையில கட்டிட்டாங்க."

எனக்கும் பக்குன்னு ஆயிடுச்சு. உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, 2006 வரைக்கும் அந்தச் சட்டையின் நெஞ்சு வெறுமையாத்தான் இருந்திருக்கு! 1899ல் ஆரம்பித்த கிளப். முதலாளி கிடையாது, சந்தா கட்டும் உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள். ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில், கிளப் சின்னத்தில் இருந்த கட்டலான் கொடியின் நாலு சிவப்புக் கோடுகளை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். 1949ல், கிளப்பின் ஐம்பதாவது வருஷத்தில்தான் நாலும் திரும்பி வந்தன. கோட்டுக்கே இந்தப் பாடு என்றால், நெஞ்சை லேசில் வாடகைக்கு விடுவார்களா?

இதில் நியூஜெர்சி எங்கே வந்தது என்கிறீர்களா? 2006 ஆகஸ்ட் 12. ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் அப்போது இருந்த ஜயண்ட்ஸ் ஸ்டேடியம். 79,002 பேர் கூட்டம். ஒரு பக்கம் நெஞ்சில் ஒண்ணும் எழுதாத பார்சிலோனா. எதிரே இந்த ஊர் டீம். அந்த வருஷம் மார்ச் வரை அதன் பெயர் மெட்ரோஸ்டார்ஸ். எனர்ஜி டிரிங்க் கம்பெனி வாங்கி, பெயர், சின்னம், சட்டை எல்லாத்தையும் மாற்றி ரெட் புல் ஆக்கிவிட்டது. சட்டையில் விளம்பரம் என்ன, டீமே விளம்பரம்! (பழைய பெயரும் மெட்ரோமீடியா என்ற கம்பெனியிலிருந்து வந்ததுதானாம், ஹிஹி.) விளையாடுவது நியூஜெர்சி, பெயரில் நியூயார்க். அது வேற வயித்தெரிச்சல். பார்சிலோனா 4-1 என்று ஜெயித்தது.

அடுத்த மாசமே பார்சிலோனா நெஞ்சில் யூனிசெஃப் ஏறிவிட்டது. காசு வாங்கவில்லை, கிளப்தான் வருஷம் 15 லட்சம் யூரோ கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நெஞ்சில் எழுத்தைப் பார்க்க எல்லோரும் பழகிவிட்டார்களே! 2011ல் கத்தார் ஃபவுண்டேஷன், இந்தத் தடவை கிளப்புக்கு வருஷம் 3 கோடி யூரோ. அப்புறம் கத்தார் ஏர்வேஸ், ரகுட்டென், 2022ல் ஸ்பாட்டிஃபை. யூனிசெஃப் திறந்த கதவு வழியாத்தான் மற்றவர்கள் நுழைந்தார்கள் என்பது என் கட்சி. கிளப்புக்குக் கடன், என்ன செய்வார்கள் என்பது ரூம்மேட் கட்சி. ராத்திரி ரெண்டு மணி வரை சண்டை.

நான் வாங்கினது ஒரிஜினலா என்று இன்னும் தெரியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அதைக் கடன் கேட்கிறான் பாவி. தர மாட்டேன் :-)