நொய்யற்கரை வல்லாரை

பனியனும் சாயமுமே பேச்சாயிருக்கும் திருப்பூரிலிருந்து ஒரு கீரையைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் விஷயம் அற்பமானதன்று.

வல்லாரை, கொத்துமல்லி, சீரகம், காரட்டு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. விதைப்பாரின்றியே ஈரவரப்பிலும் வாய்க்காலோரத்திலும் கணுதோறும் வேர்விட்டுப் படரும். வடமொழியார் இதனை மண்டூகபர்ணி என்பர். ஈழத்துச் சிங்களவர் கொட்டுகொல என்பர். வடநாட்டிலோ இதனையும் நீர்ப்பிரமியையும் பிரம்மி என்னும் ஒரே பெயரால் வழங்கி, வாங்குவோரை மயக்குகின்றனர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

ஞாபகசக்திக்கு இது நல்லதென்று நம் தாய்மார் பிள்ளைகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுப்பது வழக்கம். அதற்கு நவீன சாஸ்திரம் இன்னும் உறுதியான சான்று தரவில்லை. புண் ஆற்றும் குணத்துக்கோ ஆதாரம் வலுவானது. 1941-ல் மடகாஸ்கர் தீவின் செடியிலிருந்து ஆசியாட்டிகோசைடு என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. காயம்பட்ட தோலில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் உண்டாவதை அது தூண்டுகிறது. நம் வரப்பில் மிதிபடும் பூண்டு அந்நிய நாட்டுக் களிம்பாகித் திரும்பி வருகிறது!

இதன் மற்றொரு குணமே நமது கவலைக்குக் காரணம். தான் வேரூன்றிய மண்ணிலுள்ள ஈயம் முதலிய உலோகங்களை இச்செடி உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூரில் பல்லாண்டுகள் சாயக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு தேங்கியதால், அணையைத் திறக்கலாகாதென்று குடியானவர்களே முறையிட நேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது. பின்னர், கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு உட்பட்டே அவை திறக்கப்பட்டன.

ஆற்றில் இனி எது விழலாகாது என்பதை நீதிமன்றம் கட்டளையிடலாம். முன்னரே வண்டலில் படிந்துவிட்டதை எந்தத் தீர்ப்பு அகற்றும்? வல்லாரை மாத்திரையில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாதென்று வரம்பு உண்டு. ஆற்றோரத்தில் பறித்து, சந்தையில் கட்டாக விற்கும் அதே கீரையைச் சோதிப்பார் யார்? பறிக்கும் ஏழைப் பெண்மீது குறைகூற நாம் விரும்பவில்லை. அவளுக்கு அது நாட்கூலி. நகரசபையார் கரையின் மண்ணையும் கீரையையும் ஆண்டுக்கொருமுறை பரிசோதித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டுச் சந்தை வாயிலில் ஒட்டட்டும். அதுவரை வீட்டுத் தொட்டியில் நல்ல மண்ணிட்டு இரண்டு கணுக்களை நட்டுக்கொள்வோர்க்குத் துவையலுக்குப் பஞ்சமில்லை.