குறைபோலத் தெரியும் பாராட்டு

சீன மொழியில் ஓரளவு தேறியவர்களையும் தடுக்கி விழவைப்பவை 'செங்யு' எனப்படும் பழந்தொடர்கள். பெரும்பாலும் நாலே எழுத்து, நாலே அசை. பலவற்றின் உள்ளே ஒரு பழங்கதை சுருண்டு கிடக்கும். சீனர்களே அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று, 'சா சியாங் ரென் யி'.

ரென் என்றால் மனிதர், யி என்றால் மனம். சிக்கல் முதல் எழுத்தில்தான். அதே எழுத்தை இறங்கு தொனியில் சொன்னால் 'மோசம்'. அன்றாடப் பேச்சில் அதுவே காதில் விழுவதால், தொடர் முழுவதையும் 'மனத்துக்குத் திருப்தியில்லை' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அதை உயர்ந்த சமதொனியில் ஒலிக்க வேண்டும், பொருள் 'ஓரளவு'. சியாங் என்பது இங்கே தெம்பூட்டுவது.

யாருக்குத் தெம்பு? கி.பி. 25இல் கிழக்கு ஹான் அரசை நிறுவிய பேரரசர் குவாங்வுவுக்கு. போர் சரியாகப் போகாதபோது மற்றத் தளபதிகள் கலங்கி நிற்பார்கள். வு ஹான் என்ற தளபதி மட்டும் ஆயுதங்களைச் சீர்செய்து வீரர்களை உசுப்பிக்கொண்டிருப்பார். ஒருமுறை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவர ஆளனுப்பினார் பேரரசர். தாக்குதல் கருவிகள் தயாராகின்றன என்று தெரிந்ததும், இந்த ஒருவராவது மனத்துக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறாரே என்று பெருமூச்சுவிட்டார். 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த 'பிந்தைய ஹான் வரலாறு' சொல்லும் செய்தி இது.

பிறகு தெம்பு தேய்ந்து, 'சுமாராகத் திருப்தி' என்பதே நின்றது. கிட்டத்தட்ட நம் 'பரவாயில்லை'.

வாக்கியத்தில் இது பயனிலையாக வரும். முன்னால் 'ஹாய்' சேர்த்து, 'சாப்பாடு ஹாய் சா சியாங் ரென் யி' என்றால் இயல்பாக இருக்கும். 'மிக' என்று பொருள்படும் 'ஹென்' மட்டும் ஒட்டாது. 'ஓரளவு' என்ற அளவு உள்ளேயே இருக்கிறதே! சமைத்தவர் முகத்துக்கு நேரே சொல்லாமலிருப்பது உத்தமம்.

பிழையைப் பிடிப்பது எளிது. 'ஆட்டம் நன்றாகத் தொடங்கியது, முடிவோ சா சியாங் ரென் யி' என்று யாராவது எழுதினால், ஏமாற்றத்தைச் சொல்ல வந்து தொடரை மாற்றிப்போட்டுவிட்டார் என்று அறியலாம். அதற்கு 'பு ஜின் ரென் யி' என்று வேறு தொடர் இருக்கிறது.

பிழையே வென்றுவிடுவதும் உண்டு. 'கோங் ஷுயே லாய் ஃபெங்', அதாவது பொந்திருந்தால் காற்று வரும் என்ற தொடர், காரணமில்லாமல் பேச்சு எழாது என்பதைக் குறித்தது. இன்று பெரும்பாலும் ஆதாரமற்ற வதந்தியைக் குறிக்கிறது. அகராதியும் அதை ஏற்றுக்கொண்டது. 'சா சியாங் ரென் யி'க்கு அந்தச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை. எழுதும்போது 'சுமாராகத் திருப்தி' என்ற பொருளிலேயே எழுதலாம். படிக்கும்போது சரியான பொருள், பிழையான பொருள் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.