தண்டவாளம் திருட்டு, காசு வைத்து விஷமம்! 10 மைல் பொம்மை ரெயில் பாதையை 2 ஆண்டு கழித்து மீண்டும் போட்டு ஓட்டினார்கள்

ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பொம்மை ரெயில். அதற்குப் போட்ட பாதையோ 10 மைல் நீளம்! முதல் தடவை தண்டவாளத்தைத் திருடியும், மேலே சில்லறைக் காசு வைத்தும் விஷமிகள் ஆட்டத்தைக் கெடுத்தார்கள். ஆனாலும் விடவில்லை. அதே இடத்தில், அதே 10 மைலையும் மறுபடி போட்டு ரெயிலை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இங்கிலாந்தில் நடந்த இந்த ருசிகர சம்பவத்தின் விவரம் வருமாறு:-

நிஜ ரெயில் ஓடிய தடம்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்று ஒரு மாவட்டம். அங்கே பார்ன்ஸ்டேபிள், பிடபோர்டு என்று 2 ஊர்கள். இரண்டுக்கும் நடுவே 1855-ம் ஆண்டில் நிஜ ரெயில் ஓடத் தொடங்கியது. ஆற்றங்கரை ஓரமாகப் போகும் அழகான பாதை.

1965-ல் பயணிகள் ரெயிலை நிறுத்திவிட்டார்கள். சரக்கு ரெயில் மட்டும் 1982 வரை ஓடியது. பிறகு அதுவும் போயிற்று. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

வெறும் தடம்தான் மிச்சம். அதைச் சும்மா விடாமல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதையாக்கினார்கள். 'டார்க்கா டிரெய்ல்' என்று பெயர். டார்க்கா என்பது ஹென்றி வில்லியம்சன் என்ற எழுத்தாளர் 1927-ல் வெளியிட்ட கதையில் வரும் நீர்நாயின் பெயர்.

17 ஆயிரத்து 600 கஜம்

பி.பி.சி. டெலிவிஷனில் பிரபலமானவர் ஜேம்ஸ் மே. சின்ன வயசு விளையாட்டுச் சாமான்களை வைத்துப் பெரிய வேலைகள் செய்து காட்டும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். அதற்காக 2009 ஆகஸ்டு மாதம் இந்தத் தடத்துக்கு வந்தார்.

"நிஜ ரெயில் போன பாதையில் பொம்மை ரெயிலை விட்டால் என்ன?" என்பதுதான் யோசனை. வந்தது 'ஹார்ன்பி' கம்பெனி ரெயில். இந்த ரக ரெயில் நிஜ ரெயிலில் 76-ல் ஒரு பங்குதான் இருக்கும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி 16½ மில்லி மீட்டர். அதாவது ஒரு விரல் அகலம்!

10 மைல் என்றால் 17 ஆயிரத்து 600 கஜம். ஒரு கஜ நீளத் துண்டாகப் போட்டால் 17 ஆயிரத்து 600 துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் குனிந்து, கையால்தான் கோர்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் வந்து நின்றார்கள். கூலி கிடையாது. ஆசைதான்.

வேகமும் அப்படித்தான். மணிக்கு 60 மைல் போகும் நிஜ ரெயிலை இந்த அளவுக்குச் சுருக்கினால், மணிக்கு முக்கால் மைலுக்குச் சற்று கூடுதலாகத்தான் வரும். அந்த வேகத்தில் 10 மைல் கடக்க 12½ மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வீட்டு மேஜையில் கால் மணி நேரம் சுற்றி ஓய்வெடுக்கும் மோட்டாருக்கு அது பெரிய சோதனை.

விஷமிகள் கைவரிசை

10 மைலையும் காவல் காக்க முடியுமா? யாரும் நடமாடும் திறந்த வெளி. அங்கேதான் வினை வந்தது.

சில இடங்களில் தண்டவாளத் துண்டுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு சிலர் தண்டவாளத்தின் மேல் காசு வைத்துவிட்டுப் போனார்கள்.

காசு வைத்தால் என்ன ஆகிவிடும்? நம்ம ஊர்ப் பையன்களும் நிஜத் தண்டவாளத்தில் காசு வைத்து நசுங்குகிறதா என்று பார்ப்பது உண்டு. அது குற்றம், ஆபத்தும்கூட. அங்கே ரெயில் காசை நசுக்கும். இங்கேயோ காசு ரெயிலை நிறுத்திவிடும்!

காரணம் இதுதான். பொம்மை ரெயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. ஒரு தண்டவாளத்தில் போய், என்ஜின் மோட்டாருக்குள் நுழைந்து, மற்றொரு தண்டவாளத்தில் திரும்பும். வெறும் 12 வோல்ட். இரண்டு தண்டவாளத்தையும் எந்த உலோகம் தொட்டாலும் 'ஷார்ட் சர்க்யூட்' ஆகிவிடும். இங்கிலாந்தின் 1 பென்னி காசு 20 மில்லி மீட்டர் அகலம். இடைவெளியோ 16½. இரண்டின் மேலும் காசு ஜம்மென்று படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான், ரெயில் நின்றுவிடும்.

திருடு போனாலும் இதே கதிதான். ஒரு சாண் துண்டு போனாலும் பாதை அறுந்தது. காலையில் சரியாக இருந்த இடம் மாலையிலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. திரும்ப நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு ரெயிலும் பிடபோர்டு போய்ச் சேரவில்லை. நடுவழியில் இன்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தோடு கதை முடிந்தது. ஊரே கூடிப் போட்ட பாதையை ஒருசிலர் ஒரே நாளில் கெடுத்துவிட்டார்கள்.

மீண்டும் அதே பாதை

வேறு ஊர் பார்த்திருக்கலாம். வேலி போட்ட மைதானத்துக்குள் வளைத்து வளைத்துப் போட்டிருக்கலாம். காவலும் சுலபம். அப்படிச் செய்யவில்லை.

2011 ஏப்ரலில் ஜேம்ஸ் மே அதே தடத்துக்குத் திரும்பி வந்தார். மறுபடியும் தொண்டர்கள் வந்தார்கள். மறுபடியும் முழங்கால் போட்டுத் துண்டு துண்டாகக் கோர்த்தார்கள்.

இந்த முறை எதிரணியும் உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 'மினியேச்சர் வுண்டர்லாந்து' என்ற பிரமாண்டமான பொம்மை ரெயில் கண்காட்சி இருக்கிறது. அதை நடத்துகிறவர்களே போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

இன்ஸ்டோவைத் தாண்டியது ரெயில். 10 மைலும் ஓடி பிடபோர்டு போய்ச் சேர்ந்தது!

பொதுச் சொத்து

பொது இடத்தில் போட்ட பொருளைக் காப்பாற்ற ஆயிரம் பேர் வேண்டும். கெடுக்க ஒரு ஆள், ஒரு காசு போதும். தெருக்குழாய், பூங்கா பெஞ்சு, தெரு விளக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2009-ல் கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, "இந்த ஜனங்களை நம்ப முடியாது" என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மறுபடியும் நம்பித் திறந்த வெளியிலேயே போட்டார்கள். நம்பிக்கை வீண் போகவில்லை.

ஓட்டம் முடிந்ததும் தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள். பாதை பழையபடி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஆனது. பிடபோர்டு பழைய ஸ்டேஷன் பிளாட்பாரம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. நிஜ ரெயில் போன பிறகு, அந்த ஊருக்குப் பார்ன்ஸ்டேபிளிலிருந்து வந்து சேர்ந்தது கைக்கு அடங்கிய அந்தக் குட்டி ரெயில்தான்.