தீட்டுமல்ல, திமிருமல்ல!

மாதவிலக்கைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்று சில பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். மக்களில் சரிபாதிப் பேரின் உடலில், பன்னிரண்டு பதின்மூன்று வயது தொடங்கி ஏறத்தாழ ஐம்பது வயது வரையில் மாதந்தோறும் நடைபெறும் ஒரு காரியத்தைப் பேச வெட்கப்படுகிறவர்கள், அதையே காரணம் காட்டிப் பெண்ணைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைப்பதற்கு மட்டும் வெட்கப்பட்டதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டை வட்டாரத்தில், பூப்பெய்திய சிறுமி ஒருத்தி தனிக்குடிசையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்தது, அவள் மாண்டாள். மரத்தைச் சாய்த்தது புயல். அந்தக் குடிசையில் அவளைப் படுக்க வைத்தது எது? தீட்டு என்னும் எண்ணமல்லவா?

இது ஊரறிந்த கொடுமை. மாதவிலக்கை ஒட்டிப் பெண்ணின் மனம் படும் வேதனை ஊரறியாதது. பல வீடுகளில் அவளே அறியாதது. அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

அந்தப் பத்து நாள்கள்

விலக்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே சில பெண்களுக்கு மனம் தடுமாறுகிறது. காரணமில்லாத அழுகை, சிறு சொல்லுக்கும் பெருங்கோபம், தூக்கமில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை, நாம் இருந்துதான் என்ன பயன் என்ற நினைப்பு. விலக்கு வந்த சில நாள்களில் இவை எல்லாம் விலகிப் போகின்றன. அடுத்த மாதம் மீண்டும் வருகின்றன.

வீட்டார் இதற்கு என்ன பெயர் சூட்டுகிறார்கள்? கணவன் திமிர் என்கிறான். மாமியார் வளர்ப்புச் சரியில்லை என்கிறார். அக்கம்பக்கத்தார் காற்றுக் கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்க அழைத்துப் போகிறார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்வதற்கு ஒருவருமில்லை!

மருத்துவம் சொல்வது

1931-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகர டாக்டர் ராபர்ட் பிராங்க் இந்த வேதனையைக் குறித்து எழுதினார். 1953-இல் இங்கிலாந்தில் காதரினா டால்டன் என்ற பெண் டாக்டர், ரேமண்ட் கிரீன் என்பாருடன் சேர்ந்து விளக்கமாக எழுதினார். விலக்குக்கு முன் சிறு சிறு தொல்லைகள் பெரும்பாலோருக்கு உண்டு, அவை நோயல்ல. வாழ்க்கையையே குலைக்கும் கடுமையான நிலை நூறு பெண்களில் இரண்டு முதல் ஆறு பேருக்கு உண்டு என்பது மருத்துவர்கள் கணக்கு. ஏற்கெனவே மனச்சோர்வு முதலிய நோயுள்ள பெண்கள் பலருக்கும் அந்த நாள்களில் நோய் முற்றுகிறது. தற்கொலை முயற்சிகூட விலக்கை ஒட்டிய நாள்களில் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது விளையாட்டான விஷயமா?

காரணம் என்ன? கருமுட்டை வெளிப்பட்ட பின் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உடலில் ஏறி, விலக்குக்கு முன் இறங்குகிறது. இந்த நோயுள்ள பெண்களுக்கு ஹார்மோன் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்றப் பெண்களுக்கு உள்ள அளவேதான். 1998-இல் அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிலையத்து டாக்டர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மருந்தினால் சூலகத்தின் வேலையை நிறுத்தியபோது நோயாளிகள் பலருக்கு வேதனை தணிந்தது. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்ததும் வேதனை திரும்பியது. நோயில்லாத பெண்களுக்கு அதே மருந்தையும் அதே ஹார்மோனையும் கொடுத்தபோது, அவர்கள் மனநிலை மாறவில்லை. வழக்கமான ஏற்ற இறக்கத்தையே சில பெண்களின் மூளை தாங்க மாட்டாமல் தவிக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. இதில் திமிர் எங்கே இருக்கிறது? பேய் எங்கே இருக்கிறது?

ஒரு நியாயமான அச்சம்

இதை நோயென ஒப்புக்கொள்வதில் தயக்கம் காட்டியவர்களில் பெண்ணுரிமை பேசிய பெண்களே முன்னணியில் நின்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1987-இல் பிற்சேர்க்கையாக மட்டுமே இது இடம்பெற்றது. 1994-லும் பிற்சேர்க்கைதான். முழு நோயாக ஏறியது 2013-இல். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 2019-இல் சேர்ந்தது. 'மாதாமாதம் புத்தி தடுமாறுகிறவளுக்குப் பதவி எதற்கு?' என்று ஆண்கள் கேட்க வழி பிறக்குமே என்று அந்தப் பெண்கள் அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால், நீரிழிவுள்ள ஆணை மந்திரி பதவிக்கு லாயக்கற்றவன் என்று எவரும் சொல்வதில்லையே! மருந்து கொடுத்து வேலை செய்யவிடுகிறோம். அந்த நியாயம் பெண்ணுக்கு மட்டும் இல்லையா?

இன்னொன்றும் சொல்வோம். பெண்ணின் கோபமெல்லாம் ஹார்மோன் கோபமல்ல. குடிகாரக் கணவனிடம் அடிபட்டு அழுகிறவளைப் பார்த்து, 'தேதி நெருங்கிவிட்டதா?' என்று கேட்பது மருத்துவமல்ல, அயோக்கியத்தனம்! சம்பளக் குறைவைக் கேட்கும் பெண்ணின் வாயை விலக்கைச் சொல்லி அடைப்பதும் அதே வகைதான்.

செய்ய வேண்டியது

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. செலவில்லாத வழி. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். இரண்டு மாத காலம், விலக்கு வந்த தேதியையும், அன்றன்றைக்கு மனம் இருந்த நிலையையும் பெண் தானே குறித்து வரவேண்டும். வேதனை விலக்குக்கு முன் ஏறி, வந்தபின் இறங்கினால் இந்த நோய் என்று டாக்டர் கணிக்கலாம். மாதம் முழுவதும் வேதனை நீடித்தால் அது வேறு நோயாகவோ, வீட்டில் நடக்கும் கொடுமையாகவோ இருக்கலாம். அதற்கு வேறு வழி தேடவேண்டும்.

நோய்தான் என்று தெரிந்தால் சிகிச்சையும் உண்டு. எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சு முறைச் சிகிச்சை பலருக்குப் பயன்படுகிறது. 2000-ஆம் ஆண்டில் புளுவாக்ஸ்டின் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு இந்த நோய்க்கென்றே அனுமதி தந்தது. வழக்கமான மனச்சோர்வில் வாரக்கணக்கில் காத்திருந்து பலன் தரும் இவ்வகை மருந்துகள், இந்த நோயில் சில நாள்களிலேயே வேலை செய்கின்றன. சிலர் விலக்குக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டால் போதும். இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

தமிழக அரசு 2011-இல் இளம்பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கத் தொடங்கியது. நல்ல காரியம். உடலுக்குத் துணி கிடைத்தது. மனத்துக்கு ஒரு கேள்வியாவது கிடைக்க வேண்டாமா? மனச்சோர்வென்று வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், 'உங்கள் விலக்குத் தேதி என்ன? அதற்கு முன் வேதனை கூடுகிறதா?' என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கேட்க வேண்டும். நாப்கின் கொடுக்கும் கிராம செவிலியரே நோட்டில் குறிக்கும் முறையையும் சொல்லித்தர வேண்டும். வாழ்ந்தது போதும் என்ற நினைப்பு வரும் தாய்மார்கள் நாளைக்கு என்று தள்ளாமல் 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசியை அழைக்க வேண்டும், கட்டணமில்லை.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண் காரணமின்றி அழுதால், திமிர் என்று சொல்ல வாயெடுக்குமுன் அவளருகில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்கு நேரம் கொடுங்கள். அவள் விரும்பினால் டாக்டரிடம் உடன் போங்கள். தாய்மார்களே, நோட்டில் குறிக்க இன்றே தொடங்குங்கள்!